வீட்டில் யாருக்கும் இல்லை

சிக்கல்
20-1-1997

அன்பு முத்தழகுக்கு உன் மதினி செவ்வந்தி எழுதுறது.

மெட்ராசுல சுகமா இருக்கியா, ஹாஸ்டல் சோறு ஒடம்புக்கு ஒத்துக்கிருச்சா? இங்கன அத்தை சுகம், உங்க அண்ணன் சுகம், பொங்கலும் நல்லபடியாக் கழிஞ்சது. எனக்குத்தான் சுகமில்லை. எல்லாரும் சுகம்னு எழுதியே பழகிப்போச்சு. இந்தத் தடவை எழுத மாட்டேன்.

எழுத்து கோணலா இருக்குன்னு பாக்காத. பேனாவுல துணியச் சுத்தித் தடியாக்கிப் பிடிச்சு எழுதுறேன். ரெண்டு வருசமாச்சு. விடிஞ்சு எந்திரிச்சா ரெண்டு கையும் முட்டியும் மரக்கட்டை. விரல் கணுவெல்லாம் வீங்கிச் சுடுது. உச்சிப் பொழுதுக்குத்தான் மடங்குது. மிளகாய் மொதப் பறிப்புக்கு வந்துருச்சு, என்னால காம்பைக் கிள்ள முடியலை. ஆளுக்கு முந்தி நிரை பிடிச்சுப் பறிச்சவ நான்.

அத்தை வாதம்னு சொல்றாக. ஆறு வருசமாப் பிள்ளை இல்லாததுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டு, சாமி குத்தம்னும் சொல்றாக. கடலாடிப் பக்கம் ராக்கப்பன்னு ஒரு ஊசி டாக்டரு இருக்காரு. டாக்டருக்குப் படிச்சவரு இல்லை. காகிதத்துல மடிச்சு மாத்திரை குடுக்குறாரு. போட்ட கொஞ்ச நேரத்துல வலி போயிருது, அதனாலதான் போறேன். ஆனா மூஞ்சி பூசணிக்காயா ஊதிருச்சு. லேசா இடிச்சாலே தோல் கன்னிப்போகுது.

நீ வீக்கத்தைப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றேன்னு தீவாளிக்கு வந்தப்பச் சொன்ன. எனக்கு என்னன்னு நீ சொல்லு. ஆறுதல் வேண்டாம், விவரம் வேணும்.

உனக்குப் பரமக்குடியில ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்காக. உன்கிட்டக் கேட்டாகளான்னு தெரியலை, அதனால நான் சொல்லிட்டேன்.

இப்படிக்கு
செவ்வந்தி


சென்னை
29-1-1997

மதினிக்கு முத்தழகு வணக்கம்.

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இல்லைன்னு எழுதினதுக்குச் சந்தோசப்பட்டேன். நம்ம வீட்டுல யாரும் அப்படி எழுதினதே இல்லை.

அம்மா சொன்னது பாதி சரி. இதுக்குப் பேரு முடக்குவாதம். ஆனா சாமிக்கும் பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. நம்ம ஒடம்புல மேக்ரோபேஜ்னு ஒரு செல் இருக்கு. பாடப்புத்தகத்துல பெருவிழுங்கின்னு போட்டிருப்பாங்க. கிருமி உள்ள வந்தா அது விழுங்கும். விழுங்கிக்கிட்டே, ஆள் வேணும்னு ரத்தத்துல ஒரு சேதியும் அனுப்பும். அதைக் கேட்டு மத்த செல்லெல்லாம் ஓடி வந்து கூடும். வீக்கம், சூடு, வலி எல்லாம் அந்தக் கூட்டத்தால வாறது. வேலை முடிஞ்சதும் அது அடங்கணும். உங்க மூட்டுச் சவ்வுல அது அடங்கலை. கிருமியே இல்லாத இடத்துல ஆள் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. விட்டுட்டா எலும்பையே அரிச்சிரும்.

நான் எலியோட வயித்துக்குள்ள உப்புத்தண்ணி விட்டுக் கழுவி அந்தச் செல்லைத்தான் எடுக்குறேன். தட்டுல வளத்து, வாத மருந்தை ஊத்தி, மறுநாள் அது அனுப்புற சேதி குறைஞ்சிருக்கான்னு அளக்குறேன். மூணு வருசமா என் வேலை இதுதான். நம்ம வீட்டுலயே ஒருத்தருக்கு வேணும்னு நினைச்சுப் பாக்கலை.

ராக்கப்பன் குடுக்குறது ஸ்டீராய்டாத்தான் இருக்கும். வீக்கத்தை அமுக்கும், கூடவே எலும்பையும் கரைக்கும். ஆனா அதை நீங்களாத் திடீர்னு நிறுத்தாதீங்க, அதுவும் ஆபத்து. மதுரையில வாதத்துக்குன்னே பாக்குற டாக்டர் இருக்காங்க. மிச்ச மாத்திரையக் கையோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. இப்பவே போங்க, அறுவடை முடியட்டும்னு இருக்காதீங்க.

வாத்தியார் விசயம் நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உங்க
முத்தழகு


சிக்கல்
17-2-1997

அன்பு முத்தழகுக்கு,

உன் படிப்புக்கும் ஒடம்புக்கும் ஒரு குறையும் வராம இருக்கட்டும். அத்தை சுகம்.

மதுரைக்குப் போய்ட்டு வந்துட்டேன். உங்க அண்ணனைக் கூப்பிட்டேன், பறிப்புக்கு ஆள் நிக்குதுன்னாக. சரின்னு நான் மட்டும் பஸ் ஏறிட்டேன். டாக்டரம்மா ஒவ்வொரு கணுவா அமுக்கிப் பாத்தாக. கைக்குப் படம் எடுத்தாக. என்னென்னமோ கேட்டாக, எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். நீ சொன்ன வியாதிதான். ராக்கப்பன் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கச் சொல்லி, மெத்தோட்ரெக்சேட்டுன்னு புதுசா ஒண்ணு குடுத்தாக. திங்கக்கிழமை மட்டும் மூணு. மறந்துபோய்த் தினம் தின்னா உசுருக்கே ஆபத்துன்னு சிவப்பு மையில எழுதியிருக்காக. இதைத் திங்கிற வரைக்கும் பிள்ளை உண்டாகக் கூடாதாம்.

இதை ஒளிச்சு வைக்க எனக்குப் பிடிக்கலை. வந்ததும் அடுப்படியில நின்னு சொல்லிட்டேன்.

அத்தை கேட்டாக, “பிள்ளை வேண்டாம்னு மாத்திரை திங்கிறவளுக்கு எதுக்கு எம் மகன்?”

“மாத்திரை தின்னாத்தான் என் கை மடங்கும். கை மடங்கினாத்தான பிள்ளையத் தூக்க முடியும்”னேன்.

மறுநாளே பேச்சு வேற பக்கம் போயிருச்சு. அக்காள்மடத்துல அத்தைக்குத் தம்பி முறை ஆகுற ஒருத்தர் வீட்டுல பொண்ணு இருக்காம். பேரு இருளம்மாள். உங்க அண்ணனுக்கு ரெண்டாந்தாரமாக் கேக்கலாம்னு. உங்க அண்ணன் வேண்டாம்னும் சொல்லலை, வேணும்னும் சொல்லலை. மண்வெட்டியக் கழுவிக்கிட்டே நின்னாக. கழுவின மண்வெட்டியத் திரும்பத் திரும்பக் கழுவினாக.

நான் அழலை. உனக்குத் தெரியட்டும்னு எழுதுறேன்.

செவ்வந்தி


சென்னை
26-2-1997

மதினிக்கு வணக்கம். நலமா இருக்கணும், இருப்பீங்க.

அம்மாவுக்குத் தனியா ஒரு கடுதாசி போட்டிருக்கேன். அதுல மரியாதையா எழுதலை. யாராச்சும் வாசிச்சுக் காட்டுறப்ப நீங்க பக்கத்துல இருக்க வேண்டாம்.

பிள்ளை விசயம் இதுதான்: நோய் நல்லா அடங்கினதும் டாக்டரைக் கேட்டு மாத்திரைய நிறுத்தி, சில மாசம் விட்டுட்டுப் பிள்ளை பெத்துக்கலாம். எத்தனையோ பேர் பெத்திருக்காங்க. இதை அண்ணன்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க, சத்தமா.

ஒண்ணு கேக்கணும். பதில் கட்டாயம் எழுதுங்க. காசநோய்க் கிருமி நெஞ்சுக்குள்ள போனா, அதையும் இந்தப் பெருவிழுங்கிதான் விழுங்கிச் சுத்திச் சுவர் வச்சு அடைச்சு வைக்கும். வருசக்கணக்கா அப்படியே கிடக்கும், ஒரு தொந்தரவும் தெரியாது. வாத மருந்து இந்தச் செல்லை அடக்கும்போது, அந்தக் காவலும் சிலருக்குத் தளந்துபோகும். ஸ்டீராய்டு வேற ரெண்டு வருசம் தின்னிருக்கீங்க. நம்ம வீட்டுலயோ உங்க அம்மா வீட்டுலயோ யாருக்காவது காசநோய் இருந்துச்சா? இறந்துபோன எங்க அய்யாவுக்கு, உங்க மாமாவுக்கு, இருந்தது ஆஸ்துமாங்கிறது எனக்குத் தெரியும். அவரு படுத்திருந்த வருசம் பூரா நான் மதுரை ஹாஸ்டல்ல இருந்தேன், நீங்கதான் பாத்தீங்க. வேற யாருக்கும்?

இருமல், சாயங்காலக் காய்ச்சல், மெலிவு, எது வந்தாலும் அன்னைக்கே எழுதுங்க.

முத்தழகு


சிக்கல்
5-5-1997

அன்பு முத்தழகுக்கு,

ரெண்டு மாசமா எழுதலைன்னு கோவிச்சுக்காத. கையைச் சும்மா வைக்க நேரமில்லை, அதான்.

பேனாவுல துணி இல்லை, பாத்தியா? ஆறாவது திங்கக்கிழமை வரைக்கும் ஒண்ணுமே தெரியலை. ஏழாவது வாரம் ஒரு நாள் எந்திரிச்சு, தண்ணிச் செம்பை ஒத்தைக் கையில எடுத்துட்டேன். எடுத்த பெறகுதான் எடுத்ததே எனக்குத் தெரிஞ்சது. கடைசி மூணு பறிப்பும் நானும் சேந்து பறிச்சேன். முண்டு மிளகாய் இந்த வருசம் நல்ல செவப்பு. களத்துல காயப்போட்டுக் கிளறுனதும் நான்தான்.

அக்காள்மடத்துக் கதை சொல்றேன். பொண்ணுப் பாக்க அத்தை கிளம்பினாக. நானும் நல்ல சீலையக் கட்டிக்கிட்டு அதே பஸ்சுல ஏறிட்டேன். உச்சிப்புளி வரைக்கும் அத்தை சன்னலையே பாத்துக்கிட்டு வந்தாக. பாம்பன் பாலத்துல, “நீ எதுக்குடி வார?”ன்னாக. “நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் இல்லாமயா?”ன்னேன்.

அங்கன எல்லாரும் உக்காந்த பெறகு நான் சொன்னேன், “நான்தான் மொதப் பொண்டாட்டி. நான் சாகவும் இல்லை, அத்துக்கிட்டும் போகலை. நான் இருக்கையில இன்னொரு கல்யாணம் சட்டத்துல செல்லாது. எனக்குச் சம்மதமும் இல்லை. பொண்ணைக் குடுத்துட்டுப் பின்னாடி போலீசு டேசன்ல நிக்காதீக.”

பொண்ணோட அப்பா அத்தையப் பாத்தாரு. “என்னக்கா, மருமகளே சம்மதிச்சு அனுப்பினான்னு சொன்னீகளே?” அத்தை காபியக் குடிக்காமலே எந்திரிச்சுட்டாக. அந்தப் பொண்ணு இருளம்மாள் வாசல் வரைக்கும் வந்து, “டீச்சர் டிரெய்னிங் போகணும்னு இருக்கேன்க்கா, நீங்க வந்தது நல்லதாப் போச்சு”ன்னு மெதுவாச் சொன்னா.

வேற விசேசம் இல்லை. மிளகாய்த் தூசியில எல்லாருக்கும் தொண்டை கரகரன்னுதான் இருக்கு, களம் முடிஞ்சா சரியாப் போகும்.

செவ்வந்தி


சென்னை
14-5-1997

மதினிக்கு வணக்கம்.

உங்க கடுதாசிய என் கூட வேலை பாக்குற சுஐபுக்கு வாசிச்சுக் காட்டினேன். பாம்பன் பாலத்துல நீங்க சொன்னதைக் கேட்டு, தட்டைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாரு.

ஆனா நான் கேட்டதுக்கு நீங்க பதில் எழுதலை. தூசி இருமல்னா களத்துல இருக்கிறப்ப வரும். வீட்டுக்கு வந்த பெறகும் இருக்கா? எடை குறைஞ்சிருக்கா? வீட்டுல யாருக்கு இருந்துச்சு? மூணே கேள்வி. ஒரு கார்டு போதும்.

முத்தழகு


சென்னை
7-7-1997

மதினி,

ரெண்டு மாசமாக் கார்டு வரலை. கை நல்லா இருந்தா எழுதியிருப்பீங்க. கை நல்லா இல்லைன்னாலும் எழுதியிருப்பீங்க, உங்களை எனக்குத் தெரியும். அப்ப வேற என்னமோ இருக்கு. இதுக்கும் பதில் இல்லைன்னா நேரா வந்து நிப்பேன்.

முத்தழகு


சிக்கல்
15-7-1997

தங்கச்சி முத்தழகுக்கு அண்ணன் மூக்கையா எழுதுவது. நீ நலமா? எனக்கு எழுதிப் பழக்கமில்லை.

உன் மதினி எழுத வேண்டாம்னு சொன்னா. அவளுக்குத் தெரியாம எழுதுறேன். பங்குனி கடைசியில இருந்தே இருமல். போன வாரம் ரத்தமா வந்துருச்சு. இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில சளியைப் பாத்துட்டுக் காசநோய்னு சொல்லிட்டாங்க. அந்த டாக்டர், வீட்டுல யாருக்காவது இருந்துச்சான்னு கேட்டாரு. அவ என் மூஞ்சியப் பாத்தா. யாருக்கும் இல்லைன்னு சொல்லிட்டேன்.

அய்யாவுக்கு இருந்தது ஆஸ்துமா இல்லை. இதே நோய்தான். ரெண்டு மாசம் மாத்திரை தின்னுட்டு, நல்லாயிருச்சுன்னு அவரா நிறுத்திட்டாரு. வெளிய தெரிஞ்சா உனக்கு மாப்பிள்ளை அமையாதுன்னு அம்மா எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினா. மதுரையிலயும் கேட்டாங்களாம். சத்தியத்துக்காக, யாருக்கும் இல்லைன்னு சொல்லிட்டு வந்திருக்கா.

இப்ப அம்மா அவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லுது. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியலை.

மூக்கையா


சென்னை
19-7-1997

அண்ணனுக்கு,

உங்க சுகத்தை இன்னைக்கு விசாரிக்கலை, மன்னிச்சுக்கங்க.

எங்க அய்யா எதுல செத்தாருன்னு தெரியாமலே அந்த நோயைப் பத்தி இங்க மேடையேறிப் பேசியிருக்கேன். எனக்காக மறைச்சோம்னு இனி யாரும் சொல்லாதீங்க. நான் கேக்கலை.

அய்யாவோட சளிச் சட்டிய எடுத்தது யாரு? வாய் துடைச்சது யாரு? மதினிக்கு நோய் நம்ம வீட்டுல இருந்துதான் வந்திருக்கும். நம்ம வீட்டுக்காக ஒரு வார்த்தை பொய் சொல்லித்தான் முத்தியிருக்கு. உண்மை தெரிஞ்சிருந்தா அதுக்கு வழி பண்ணிட்டு அப்புறம் வாத மருந்தைத் தொட்டிருப்பாங்க. இப்ப அவங்களை வெளிய அனுப்புறதுன்னா, அந்த வாசல்ல நானும் இனி கால் வைக்க மாட்டேன்.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், “இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன்”னு நீங்களே டாக்டர்கிட்டச் சொல்லுங்க. வாதத்துக்குத் திங்கிற மாத்திரைச் சீட்டையும் காட்டுங்க. காசநோய் மாத்திரை ஆறு மாசம், ஒரு நாள் விடக் கூடாது. நீங்களும் அம்மாவும் நெஞ்சுக்குப் படம் எடுக்கணும்.

வாற சனிக்கிழமை ரயிலேறுறேன்.

முத்தழகு


சிக்கல்
25-8-1997

அன்பு முத்தழகுக்கு,

நீ பத்திரமாப் போய்ச் சேந்த கார்டு கிடைச்சது. காய்ச்சல் நின்னுருச்சு. ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலரா வருதுன்னு பயந்தேன், மாத்திரை அப்படித்தானாம்.

நீ இங்கன இருந்த நாலு நாளும் ஏன் மறைச்சீகன்னு கேட்ட. நான் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டேன். இப்பச் சொல்றேன். சத்தியம் ஒரு காரணம். டாக்டரம்மா நெஞ்சுக்கும் படம் எழுதிக் குடுத்தாக, அடுத்த தடவை எடுத்துட்டு வாரேன்னு வந்துட்டேன். எடுத்தா அய்யாவோட நோய் தெரிஞ்சிரும்னு பயம். ஆனா இருமலை மறைச்சது சத்தியத்துக்காக இல்லை. இருமல்னு சொன்னா அந்தத் திங்கக்கிழமை மாத்திரைய நிறுத்திருவாக. ரெண்டு வருசத்துக்குப் பெறகு என் கை எனக்குத் திரும்பி வந்திருந்துச்சு முத்தழகு. அதைக் குடுக்க மனசு வரலை. தப்புதான். திரும்ப அதே நாள் வந்தா என்ன செய்வேன்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

இப்ப நிறுத்தித்தான் இருக்காக. கை பழையபடி வீங்கிருச்சு, துணி சுத்தின பேனாதான். காசநோய் மாத்திரை முடியுற வரைக்கும் கைக்கு மலேரியா மாத்திரை குடுத்திருக்காக. மலேரியா மாத்திரை வாதத்துக்கும் கேக்குமாமே?

உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லிட்டாக. அதோட நிக்கலை. அக்காள்மடத்துக்குத் தனியாப் போய், “எனக்குப் பொண்டாட்டி இருக்கா, இனி யாரும் பொண்ணுக் கேட்டு வந்தா நான் அனுப்பலை”ன்னு சொல்லிட்டு வந்துட்டாக. வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. அந்த இருளம்மாள் கார்டு போட்டுத்தான் எனக்கே தெரியும்.

ஊருணியில பிச்சையம்மாள் என்னைப் பாத்ததும் குடத்தை நகட்டினா. “ஆமா, காசநோய்தான். எங்க மாமாவுக்கு இருந்துச்சு, எனக்கு வந்திருக்கு. ஒரு மாசத்துக்கு மேல மாத்திரை திங்கிறேன், இருமினா வாயப் பொத்திக்கிறேன். குடத்துல ஒட்டாது”ன்னேன். நாலு பேரு கேக்கத்தான் சொன்னேன். உனக்கு மாப்பிள்ளை போனாப் போச்சுன்னு நீ சொன்ன தைரியம்.

அத்தை மட்டும் படம் எடுக்க வர மாட்டேங்கிறாக.

செவ்வந்தி


சென்னை
6-9-1997

மதினிக்கு வணக்கம். காய்ச்சல் நின்னதைக் கேட்டு அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பரமக்குடிக்கு நானே எழுதிட்டேன். எங்க அய்யா காசநோய்ல இறந்தாரு, எங்க மதினிக்கு அதுக்கு வைத்தியம் நடக்குது, நான் அந்தக் கிருமியை விழுங்குற செல்லோடதான் வேலை பாக்குறேன், கல்யாணத்துக்குப் பெறகும் பாப்பேன்னு. பத்தே நாள்ல பதில் வந்துச்சு. ஜாதகம் பொருந்தலையாம். முன்னாடி எட்டுப் பொருத்தம் இருந்துச்சுன்னு அம்மா சொன்ன ஜாதகம்தான். கொஞ்சம் வலிக்கத்தான் செஞ்சது. மறைக்கலை.

மலேரியா மாத்திரை வாதத்துக்குக் கேக்கும். அதுவும் அந்தப் பெருவிழுங்கிக்குள்ள போய்த்தான் வேலை செய்யும், மெதுவா.

எனக்கும் ஒரு தப்பு இருக்கு. பிப்ரவரியில கேட்டேன், நீங்க பதில் சொல்லலை. மே மாசமும் சொல்லலை. அப்பவே நான் ரயிலேறி இருக்கணும். எலிச் செல்லு ஒரு நாள் சரியா வளரலைன்னா ஞாயித்துக்கிழமையும் போய்ப் பாக்குறவ, உங்களுக்குக் கார்டு போட்டுட்டுக் காத்திருந்தேன்.

அம்மாவை விட்டுறாதீங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல மூச்சு விடுறீங்க.

முத்தழகு


சிக்கல்
16-3-1998

அன்பு முத்தழகுக்கு,

உன் ஆராய்ச்சிப் புத்தகம் எழுதி முடியுற வரைக்கும் உனக்குக் கண்ணு வலி, தலைவலி ஒண்ணும் வரக் கூடாது. உங்க அண்ணன் சுகம். நான் சுகம்னு இந்தத் தடவை உண்மையாவே எழுதுறேன்.

தையோட ஆறு மாசமும் முடிஞ்சது. சளியில கிருமி இல்லைன்னு மூணு தடவை பாத்துட்டாக. மதுரை டாக்டரம்மாகிட்டப் போய், “போன வருசம் பொய் சொன்னேன்”னேன். அவுக கோவிக்கலை. “நிறையப் பேரு சொல்றதுதான்மா”ன்னாக. திங்கக்கிழமை மாத்திரை மறுபடி ஆரம்பிச்சு ஆறு வாரமாச்சு. வலது கையில ரெண்டு விரல் மட்டும் இனி நிமிராதாம், எலும்பு தேஞ்சிருச்சு. மத்த எட்டும் கேக்குது.

அத்தை கதை பெருசு. கார்த்திகையில இருந்து இருமுனாக. மிளகாய்த் தூசின்னாக. “இது பறிப்பு மாசமே இல்லை, கிளம்புங்க”ன்னு கையப் பிடிச்சு இராமநாதபுரம் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டாரு. அத்தை முந்தானைய இழுத்துச் சொருகினாக. அப்புறம், “எம் புருசனுக்கு இருந்துச்சு. நான்தான் மூடி வச்சேன். இந்தப் புள்ளைக்கும் வந்துருச்சு”ன்னாக. படத்துல நோய் இருந்துச்சு. இப்ப நாலாவது மாசம்.

ரெண்டாவது மாசம் முடிஞ்சதும், நல்லாயிருச்சு, போதும்னாக. மாமாவும் அப்படித்தான நிறுத்துனாக? காலையில செம்புத் தண்ணியோட முன்னாடி நிக்கிறேன், முழுங்கின பெறகு வாயத் திறந்து காட்டச் சொல்றேன். “மாமியாக்காரிய வாயத் திறக்கச் சொல்ற மருமக உலகத்துலயே நீ ஒருத்திதான்”ங்கிறாக. சொல்லிட்டுத் திறந்து காட்டுறாக. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் ஒட்டிக்கிடலை. ஒரு நாள் சண்டை, ஒரு நாள் பேச்சில்லை. மாத்திரை மட்டும் நிக்கலை.

பிள்ளை எப்பன்னு ஊர்ல கேக்குறாக. மொதல்ல தலையக் குனிஞ்சுக்குவேன். டாக்டரம்மா ஒரு வருசம் நோய் அடங்கி இருக்கட்டும், பெறகு மாத்திரைய நிறுத்திப் பாக்கலாம்னாக. நிறுத்துனா வீக்கம் திரும்பி வந்தாலும் வரலாம்னும் சொன்னாக. உங்க அண்ணன், “உன் இஷ்டம்”னாக. அது கை கழுவுற பேச்சு இல்லை, அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்துதான் சொன்னாக. எனக்குப் பிள்ளை ஆசை இருக்கு. இந்தக் கை மேலயும் ஆசை இருக்கு. ஒரு வருசம் இருக்குல்ல, ரெண்டையும் வச்சு யோசிக்கிறேன். இப்ப யாராச்சும் கேட்டா நிமிந்து நின்னு, “நான் இன்னும் முடிவு பண்ணலை”ன்னு சொல்றேன். கேட்டவுகதான் தலையக் குனியுறாக.

நாளைக்கு நாலாவது பறிப்பு. விடிய முன்ன எந்திரிக்கணும்.

எட்டு விரலோட
செவ்வந்தி